த்ரெட்: நூல், பஞ்சம், வெறுப்பு

2024 ஜூலை 2, பெருந்துறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டது

அண்ணா, 'த்ரெட்' என்கிற இங்கிலீஷ் சொல்லோட ஆறு எழுத்தையும் மாத்திப் போட்டா 'டெர்த்' வருதுங்க, பஞ்சம். வேற மாதிரி போட்டா 'ஹேட்ரட்', வெறுப்பு. நூல் இல்லாமப் போனா பஞ்சம், பஞ்சம் வந்தா வெறுப்பு. வெள்ளைக்காரங்க தெரிஞ்சேதான் இப்படி வெச்சிருக்காங்களா? எங்க வகுப்புல பாதிப் பேர் ஆமாங்கறாங்க. நீங்க திருப்பூர்ல நூல் ஏவாரத்தோடயே இருந்தவரு, நீங்களே சொல்லுங்க.

ஜூலை 2, இரவு

யாரும் தெரிந்து வைத்ததில்லை, தங்கச்சி. ஆனாலும் உங்கள் கேள்வி என்னைச் சும்மா உட்காரவிடவில்லை. குடோனில் நூல் சுற்றி வருகிற அட்டைக் கோன், காலியானது ஆறு எடுத்து, ஒவ்வொன்றிலும் மார்க்கரில் ஒரு எழுத்து எழுதி, மேசைமேல் வரிசையாக நிறுத்தினேன். டி, எச், ஆர், இ, ஏ, டி. முதல் 'டி'யும் கடைசி 'டி'யும் வேறு வேறு எழுத்து, நம் எழுத்தில் எழுதினால் ஒன்றாகத் தெரிகிறது. அதனால் முதலாவதைத் தூண் டி என்றும் கடைசியைத் தொப்பை டி என்றும் சொல்கிறேன்.

தொப்பை டி, இ, ஏ, ஆர், தூண் டி, எச்: டெர்த். எச், ஏ, தூண் டி, ஆர், இ, தொப்பை டி: ஹேட்ரட். ஒரு கோன்கூட மிச்சம் இல்லை. நீங்கள் சொன்னது சரி. அர்த்தம் கற்பித்ததைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 3

மூன்று சொல்லும் மூன்று வீட்டுப் பிள்ளைகள். பிறந்த கதையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

'த்ரெட்' பழைய ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். அடிவேருக்கு முறுக்குதல், திருப்புதல் என்று பொருள். ஜெர்மன் மொழியில் கம்பிக்குச் சொல்லும் 'ட்ராட்' இதற்கு உடன்பிறப்பு. எறிவதற்குச் சொல்கிறார்களே 'த்ரோ', அதுவும் இதே வேர்தான். அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருளே முறுக்குவது. பட்டு இழையை முறுக்கேற்றும் வேலைக்கு இங்கிலீஷில் இன்றைக்கும் 'த்ரோயிங்' என்றுதான் பேர். பட்டை யாரும் தூக்கி எறிவதில்லை. ஆக, பஞ்சை எவ்வளவு நீளம் இழுத்தாலும் முறுக்கு ஏறாதவரை அது த்ரெட் ஆகாது. மில்லில் ஒருநாள் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'டெர்த்', 'டியர்' என்பதிலிருந்து வந்தது. 'டீப்' என்பது 'டெப்த்' ஆகிற மாதிரி, 'டியர்' என்பது 'டெர்த்' ஆனது. டியர் என்றால் அன்பு மட்டுமில்லை, விலை கூடினது என்றும் பொருள். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் வாங்குகிற டிஏ, அதாவது டியர்னஸ் அலவன்ஸ், நம் அகவிலைப்படி, அந்தப் பொருளில்தான். பண்டம் அருகிப்போனால் விலை ஏறும், விலை ஏறினால் பஞ்சம். நாம் 'கிராக்கி' என்று ஒரே சொல்லில் இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.

'ஹேட்ரட்' என்பதில் முன்பாதி வெறுப்பு. பின்பாதியான 'ரெட்' பழைய இங்கிலீஷில் 'நிலை' என்று பொருள்படுகிற ஒரு வால். சிவப்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இதே வால் ஒட்டிய இன்னொரு சொல் 'கிண்ட்ரட்': உறவு, பங்காளி முறை. உறவும் வெறுப்பும் ஒரே வாலோடு திரிகின்றன என்று படித்தபோது புத்தகத்தைக் கொஞ்சநேரம் மூடி வைத்துவிட்டேன்.

இன்னும் வலுவான சான்று ஒன்று. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் 'த்ரெட்' எழுதும்போது முன்னால் தூண் டியும் எச்சும் சேர்ந்து வரவில்லை. அந்த ஒலிக்கு ஒரே எழுத்து இருந்தது. அதற்குப் பேர் 'தார்ன்', அதாவது முள். கம்பத்தின் நடுவில் ஒரு சின்ன வயிறு ஒட்டின உருவம். பின்னால் அந்த எழுத்து வழக்கொழிந்து, அச்சுக்கூடக் காலத்தில் எழுத்துக்கூட்டல் ஒரு நிலைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் உங்கள் ஆறு எழுத்து விளையாட்டே சாத்தியம். முள் இருந்த காலத்தில் நூலை மாற்றிப் போட்டிருந்தால் வெறுப்பு வந்திருக்காது. எழுத்தை மாற்றிப் போட்டு வருவது தற்செயல். ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ ஒருநாளும் இருக்காது.

ஜூலை 4

மொத்தம் எத்தனை வரிசை வரும் என்று ஒரு தம்பி கணக்குப் போட்டு 360 என்று எழுதியிருக்கிறார். இரண்டு 'டி'யையும் ஒன்றாக எண்ணிவிட்டார். தமிழில் எழுதி எண்ணினால் வருகிற வினை இது. ஆறும் வேறு வேறு எழுத்து, அதனால் 720. அதில் பொருளோடு நிற்பவை நான் கண்டவரை மூன்றுதான்.

கடைசியில் ஓர் 'எஸ்' சேர்த்தால் வரிசை 5,040 ஆகிறது. அதில் 'ஹார்டெஸ்ட்' கிடைக்கிறது, ரொம்பக் கஷ்டமானது. 'ட்ராஷ்ட்' கிடைக்கிறது, குப்பையில் போட்டது. பிசிறு வெட்டுகிற பெண்களிடம் கேட்டால் இரண்டுமே நூலுக்குப் பொருந்தும் என்பார்கள்.

ஜூலை 7

பல்லடத்து நண்பர் ஒருவர் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, நான் தப்பு. 'இத்தனை வருஷம் ஏவாரம் பார்த்துட்டு, யார்னையும் த்ரெட்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறீங்களே?' என்கிறார்.

தமிழில் இரண்டுக்கும் நூல் என்றே சொல்லிப் பழகியதால் வந்த பிழை. திருப்பூரில் மூட்டையில் வந்து இறங்குவது யார்ன். அதில்தான் துணி ஓட்டுகிறோம். பவர்டேபிளில், அதாவது தையல் மெஷினில், ஏறுவது த்ரெட், தையல் நூல். இரண்டு மூன்று யார்னைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கித்தான் த்ரெட் செய்கிறார்கள். முறுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கும் எழுத்துதான் அடையாளம்: எஸ் முறுக்கு, இசட் முறுக்கு. இழையை நிமிர்த்திப் பிடித்தால் எஸ்ஸின் நடுக்கோடு மாதிரி சாய்ந்தால் எஸ், இசட்டின் நடுக்கோடு மாதிரி சாய்ந்தால் இசட். தையல் நூலுக்குக் கடைசி முறுக்கு பெரும்பாலும் இசட்டாக இருக்கும். எஸ்ஸாக இருந்தால் மெஷின் தைக்கத் தைக்க முறுக்கு பிரிந்து நூல் அறுந்துகொண்டே போகும். ஆபரேட்டர் பெண் மெஷினைத் திட்டுவாள், மெஷின்மேல் குற்றமே இருக்காது.

ஆகவே 2022இல் வந்தது யார்ன் பஞ்சம், த்ரெட் பஞ்சம் இல்லை. அந்த வருஷம் மே மாதம் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலே போனது. மே 16, 17 இரண்டு நாளும் திருப்பூரில் கம்பெனிகளை மூடினோம். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடைகூட வெறிச்சோடிக் கிடந்தது.

யார்ன் என்று வைத்துக்கொண்டால் எழுத்து நாலு. ஒய், ஏ, ஆர், என். மாற்றிப் போட்டால் கிடைப்பது ஒரே ஒரு சொல், 'நேரி'. 'நெவர்' தேய்ந்து தேய்ந்து வந்த நாட்டுப்புறச் சொல் அது. ஒண்ணுகூட இல்லை என்று பொருள். நூலைக் கலைத்தால் 'ஒண்ணுகூட இல்லை'! தங்கச்சி, இதை உங்கள் வகுப்பில் சொல்லாதீர்கள், மீதிப் பாதியும் அந்தப் பக்கம் போய்விடும்.

ஜூலை 8

நேற்று 2022ஐப் பற்றி எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை.

அந்த வருஷம் எனக்கு நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது என் மச்சான், வீட்டுக்காரியின் கூடப்பிறந்தவர். 18 வருஷமாக அவர் வாய்ச்சொல்லுக்கு மேல் ஒரு காகிதம் வாங்கினதில்லை. சித்திரையில் 30ஆம் நம்பர் 60 மூட்டை சொல்லி வைத்தேன். வந்து இறங்கியது 18 மூட்டை. மீதி, விலை கூடக் கொடுத்த இடத்துக்குப் போய்விட்டது. ஆர்டர் கைவிட்டுப் போனது. போனில் நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. மில்காரன் கொடுக்கவில்லை என்று அவர் சொன்னார், நான் நம்பவில்லை. இன்றைக்கும் எது நிஜம் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த தை மாதம் என் மகள் கல்யாணம். தாய்மாமன் சீர் அவர்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தார். தட்டு 21, ஒன்று குறையவில்லை. தட்டை இறக்கி வைத்துவிட்டுப் பந்தக்கால் பக்கம் கொஞ்சநேரம் நின்றார். இலை போட்டுக் கூப்பிட ஆள் அனுப்பினேன். நான் போயிருக்க வேண்டும், போகவில்லை. அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

தங்கச்சி சொன்ன வரிசையில்தான் என் வீட்டில் நடந்தது. நூல், பஞ்சம், வெறுப்பு. எழுத்துக்கு இதில் பங்கில்லை என்பதை 3ஆம் தேதியே எழுதிவிட்டேன். மாற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆனாலும் மேசைமேல் அந்த ஆறு கோனையும் ஹேட்ரட் என்று விட்டுவிட்டுப் போனது, காலையில் கதவைத் திறந்தவுடன் கண்ணில் பட்டது. கலைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஜூலை 13

கோயமுத்தூர் கணபதியில் லேத் போட்டிருக்கிறவர் எழுதுகிறார். 'த்ரெட்னா எங்களுக்கு நூல் இல்லீங்க, மரை.' இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. உருளைக் கம்பியைச் சுற்றி நூல் சுற்றினால் எப்படி வளைந்து வளைந்து ஏறுமோ அப்படி ஏறுகிறது என்பதால் அதற்கும் அந்தப் பேர். முறுக்கு என்கிற மூலப் பொருளுக்குப் பக்கத்தில் நிற்பது உண்மையில் இந்த மரைதான்.

அவர் சொன்ன விவரம் ஒன்று. அரை இஞ்ச் போல்ட்டில் பிரிட்டிஷ் விட்வர்த் கணக்கு இஞ்ச்சுக்கு 12 மரை, கோணம் 55 டிகிரி. அமெரிக்கக் கணக்கில் 13 மரை, 60 டிகிரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். முதல் சுற்று கையிலேயே ஏறிவிடும், இரண்டாவது சுற்றில் இறுகும். ஸ்பேனரைப் போட்டுத் திணித்தால் மரை போய்விடும். பையன்களுக்கு அவர் கற்றுக்கொடுக்கிற முதல் பாடமே 'இறுகினா நிறுத்து' என்பதுதானாம். சரியாக நடக்காத ஆளை 'மரை கழண்டவன்' என்கிறோமே, அந்தப் பேச்சுக்கும் லேத்துப் பட்டறைதான் பிறந்த வீடாக இருக்கும் என்கிறார். இருக்கலாம்.

ஜூலை 14

லேத்துக்காரர் அளவைச் சொன்னதும் ஆசாரி ஞாபகம் வந்தது. நம் தச்சர்களுக்கும் கொத்தனார்களுக்கும் ஓர் இஞ்ச் என்றால் எட்டு நூல். 'ரெண்டு நூல் ஏத்தி வையுங்க', 'மூணு நூல் கம்பி' என்பார்கள். த்ரெட்டுக்கு இங்கிலீஷில் இத்தனை பொருள் இருக்கிறது என்று வியக்கிற நாம், நூலுக்கு இருப்பதை எண்ணுவதில்லை. இழை, புத்தகம், அளவு, நேர்க்கோடு. நூல் பிடித்த மாதிரி, நூலிழையில் தப்பினான், நூல் விட்டுப் பார்க்கிறான்.

புத்தகத்துக்கு ஏன் நூல் என்று பேர் வந்தது என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்திலேயே சொல்லிவிட்டார். பெருந்துறைத் தங்கச்சிக்கு இது பக்கத்து ஊர்ச் சங்கதி. பவணந்தி பிறந்த சனகாபுரம் நம்ம சீனாபுரம்தான் என்பது கொங்கு நாட்டு வழக்கு. 'பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாகச் செஞ்சொற் புலவனே சேயிழையா' என்று தொடங்குகிறார். சொல்தான் பஞ்சு. புலவன் நூற்கிற பெண். வாய்தான் கை. அறிவுதான் நூல் சுற்றுகிற கதிர். நூற்றலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒன்று சொல்லியிருக்கிறார், ஒன்றும் விடவில்லை. நூல் நூற்றுக்கொண்டிருந்த யாரையோ நன்றாகக் கவனித்துப் பார்த்த கண் அது.

அடுத்த பாட்டு இன்னும் எனக்குப் பிடித்தது. 'மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல் அஃதேபோல் மாந்தர் மனக்கோட்டம் தீர்க்குநூல் மாண்பு.' தச்சர் காவியில் தோய்த்த நூலை மரத்தின்மேல் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவார். பட்டென்று ஒரு சிவப்புக் கோடு விழும். எங்கே வளைந்திருக்கிறது, எவ்வளவு செதுக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துபோகும். மரத்தின் கோணலைத் தீர்ப்பது அந்த நூல், மனசின் கோணலைத் தீர்ப்பது இந்த நூல். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் பண்ணி ஒப்பித்தேன். பொருள் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஜூலை 21

3ஆம் தேதி குறிப்பில் 'ஒட்டோ உறவோ ஒருநாளும் இருக்காது' என்று அடித்துச் சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நடந்தது இது. என் பேத்தி குடோனுக்கு வந்தவள், எச் கோனைத் தலையில் தொப்பியாகப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மேசையில் மிச்சம் ஐந்து. தூண் டி, ஆர், இ, ஏ, தொப்பை டி. 'ட்ரெட்' என்று வாசிக்கலாம், மிதித்தல். சங்ககிரியில் லாரி டயருக்கு ரீட்ரெட்டிங் போடுகிறார்களே, அந்த ட்ரெட். ஜிம்மில் ஓடுகிற ட்ரெட்மில்லும் அதுதான். நூல் மில் என்று நினைத்து எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஜிம்முக்குள் போய் வேலை கேட்டதாகச் சொல்வார்கள். குழித்தறியில் காலால் அழுத்துகிற மிதிகட்டைக்கும் இங்கிலீஷில் 'ட்ரெடில்'.

அந்த ஐந்தைக் கலைத்தால் 'ட்ரேட்', ஏவாரம். சரி, இதுவும் தற்செயல் என்று அகராதியைப் புரட்டினால், இல்லை! ட்ரேட் என்பது வட ஜெர்மானியக் கடற்கரை வணிகர்கள் வழியாக வந்த சொல். முதல் பொருள் தடம், கால் பட்டுப் பட்டுப் பதிந்த வழி. அப்புறம் கப்பல் போகிற வழக்கமான பாதை, அப்புறம் ஒரு மனுஷன் வழக்கமாகச் செய்கிற தொழில், கடைசியில் கொடுக்கல் வாங்கல். மிதித்தல் என்கிற ட்ரெட்டும் தடம் என்கிற ட்ரேட்டும் ஒரே வேர். எழுத்து மாறியும் ரத்த உறவு விடவில்லை. இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சந்தோஷத்தில் அந்தப் பக்கத்தை வீட்டுக்காரிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

நம் ஊர் ஏவாரமும் அப்படித்தான் ஆனது. ஒரே கடைக்கு, ஒரே ஆளிடம், கால் பழகின வழியில் போய்ப் போய்.

ஆகஸ்ட் 3, ஆடி 18

மேட்டூர் நிரம்பிக் காவிரியில் வெள்ளம். அதனால் இந்த வருஷம் பவானி கூடுதுறைக்குப் போகவில்லை. வீட்டிலேயே பெண்கள் தாலிச்சரடு மாற்றினார்கள்.

'சரடு' என்று எழுதும்போது தோன்றுகிறது. யார்ன் என்பதற்கு இங்கிலீஷில் கட்டுக்கதை என்றும் பொருள். கப்பல்காரர்கள் கயிறு முறுக்கிக்கொண்டே கதை பேசியதில் வந்தது என்பார்கள். நாமும் 'சரடு விடறான்', 'கயிறு திரிக்கறான்' என்கிறோம். அந்தக் கடலும் இந்தக் காவேரிக் கரையும் சந்தித்ததே இல்லை, கை வேலையாக இருக்கும்போது வாய் சும்மா இருக்காது என்பது மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுபோல. யார்னின் அடிவேர் குடல் என்கிறது அகராதி. ஆட்டுக் குடலை முறுக்கி நரம்பு செய்த காலத்துச் சொல்.

புதுச் சரடும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு மச்சான் சம்சாரம் வந்திருந்தார். மச்சான் வண்டியை விட்டு இறங்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கிக் குடித்தார். 'பஞ்சு இப்ப என்ன வெலைங்க மாப்ள?' என்று கேட்டார். அவருக்குத் தெரியாத விலையா? சொன்னேன். '2022க்கு இது எவ்வளவோ தேவலைங்க' என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், இன்னொரு நாள் என்றார்.

ஆகஸ்ட் 5

தங்கச்சி மறுபடி எழுதியிருக்கிறார். ஆர் எழுத்தை எடுத்துவிட்டால் 'டெத்' வருகிறது, சாவு, அதையும் சேர்க்கட்டுமா என்று. தொப்பை டியை எடுத்துவிட்டு மிச்சத்தை மாற்றிப் பாருங்கள்: 'எர்த்' வரும், மண். 'ஹார்ட்' வரும், நெஞ்சு. தூண் டியை எடுங்கள்: 'ஹெர்ட்', காதில் விழுந்தது. எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஓர் எழுத்தை எடுத்து வேறு சொல் காட்டும் இந்த வித்தைக்குத் தமிழில் பேரே இருக்கிறது, அக்கரச் சுதகம். தண்டியலங்காரம் என்கிற அணி இலக்கணம் சித்திரகவிகளில் ஒன்றாகச் சொல்கிறது. எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். உயிர்மெய் ஒரே எழுத்தாக இருப்பதால் நமக்கு வரிசை மாற்றுவது கஷ்டம், எடுப்பது சுலபம். 'கவிதை'யில் முதல் எழுத்தை எடுத்தால் விதை, நடு எழுத்தை எடுத்தால் கதை, கடைசியை எடுத்தால் கவி. மாற்றிப் போட்டும் சில கிடைக்கும். நகரம், நரகம் எல்லாருக்கும் தெரிந்தது. குடோனில் நான் கண்டது கரம், ரகம். நூலை விரலில் உருட்டிப் பார்த்து ரகம் சொன்ன பழைய ஆட்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

உங்கள் வகுப்பில் மூன்றெழுத்துச் சொல் வேறு யாராவது கண்டுபிடித்தால் எழுதச் சொல்லுங்கள். எச் கோன் இன்னும் பேத்தியிடம்தான் இருக்கிறது.